உன் லேப்டாப்புக்குக் காற்று அடித்தது நான்தான்

ஜெனிபா,

இதை நீ பிரித்துப் படிக்கிற நேரத்தில் நான் யூனிட்டில் வேலையில் இருப்பேன். உன் நைனா கம்பி லோடு ஏற்றப் போயிருப்பார். வீட்டில் நீ தனியாகத்தான் இருப்பாய், அதற்காகத்தான் இன்றைக்குப் பார்த்து இதை உன் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நாளைக்குச் சாயந்தரம் நீ ஓசூருக்குப் பஸ் ஏறிவிடுவாய். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை குக்கர் விசில் அடித்தது, அதைச் சாக்காக வைத்து எழுந்து போய்விட்டேன். இன்னொரு தடவை நீ நிமிர்ந்து பார்த்து "இன்னாம்மா?" என்றாய். தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். தெருவில் நாலு பேரோடு ஒரே நேரத்தில் சண்டை போடத் தெரிந்த எனக்கு, பெற்ற பெண்ணிடம் இதைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

விஷயம் இவ்வளவுதான். உன் லேப்டாப் தானாக நின்றுபோகவில்லை. நான்தான் அதை நாசம் பண்ணினேன். இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு ஒரு மாதமாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறோம். இரண்டு வரியில் முடிகிற விஷயத்துக்கு ஏன் இத்தனை பக்கம் என்று நினைப்பாய். உன் அம்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று உனக்குத் தெரியாதா, பேனாவைத் திறந்தாலும் அப்படித்தான். அதோடு, அந்த மிஷினை வாங்கின நாளிலிருந்து உன்னைப் பற்றி நான் மனசுக்குள் நினைத்து வெளியே சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. திட்டுவதை எல்லாம் சத்தமாகத் திட்டிவிட்டு, மெச்சுவதை மட்டும் மனசோடு வைத்துக்கொள்கிற ஜாதி நான்.

நீ டிப்ளமா இரண்டாம் வருஷம் போன சமயம் அது. உனக்கு முன்னால் படித்தவர்களுக்கு எல்லாம் அரசாங்க லேப்டாப் கிடைத்தது, உங்கள் செட்டுக்கு வரவில்லை. காலேஜ் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் உட்கார்ந்து டிராயிங் போடுகிறீர்கள் என்று சொல்வாய், அதில் உன் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பாய். புதுசு வாங்க நம்மால் ஆகாது என்று நீயாகவே முடிவுகட்டி, கேட்கவும் இல்லை. உன் சான்றிதழில் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க ஒரு திங்கட்கிழமை திருவள்ளூர் போனோமே, அன்றைக்குத்தான் ஸ்டேஷன் ரோட்டில் அந்தக் கடையைப் பார்த்தோம். கண்ணாடி அலமாரி முழுக்கப் பழைய லேப்டாப். அதை எல்லாம் பெரிய கம்பெனிகள் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும், ஒரே மாடல் இருபது முப்பது என்று வரும், துடைத்து, கெட்டதை மாற்றி விற்கிறோம் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு அது பாதிதான் புரிந்தது. நீ மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாய்.

நான் உடனே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளி கலர், பளபளவென்று இருந்தது. பதினோரு வருஷமாகப் பித்தளை வால்விலும் நிப்பிளிலும் பர், அதாவது விளிம்புப் பிசிறு, எடுக்கிறவள் நான், விளிம்பில் விரலை ஓட்டினாலே கடைந்து வந்த ஒரு ஜாப் நல்ல ஜாபா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்த வெள்ளிப் பெட்டியின் நாலு பக்கமும் விரலை ஓட்டினேன், எங்கேயும் பிசிறு இல்லை. இதுதான் என்று சொல்லிவிட்டேன். நீ கீழ்த்தட்டில் இருந்த கறுப்பு ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாய். மூடியில் கீறல், யாரோ ஒட்டின ஸ்டிக்கரைக் கிழித்த பசை அப்படியே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. கடை என்றும் பார்க்காமல், உனக்கு எப்பவுமே குப்பையில்தான் கண்ணு என்று சொன்னேன்.

நீ அதற்குக் கோபப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாய். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, பாதியில் விட்டு, அது நிற்கிறதா என்று பார்த்தாய். பாட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதற்குள்ளேயே ஏதோ தட்டிக் கணக்கெடுத்தாய். கடைசியாக, பின்மூடியைக் கழட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டாய். கடைக்காரருக்கே ஆச்சரியம், கழட்டிக் காட்டினார். நீ உள்ளே குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அந்த வெள்ளி இதுக்கு மேல வளராதும்மா, எல்லாத்தையும் உள்ளயே ஈயம் வெச்சுப் பத்த வெச்சிட்டாங்க. இதுல பாரு, ஒரு எடம் காலியா கீது. இப்போ இன்னா கீதுன்னு பாக்காத, நாளைக்கு எவ்ளோ ஏத்துக்கும்னு பாரு." கடைக்காரர் சிரித்துக்கொண்டே, உங்கள் பெண்ணை ஏமாற்ற முடியாதும்மா என்றார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் வீடு திரும்புகிற பெரியபாளையம் பஸ்ஸில் உன் தலை என் தோளில் சாய்ந்திருந்தபோது, இந்தப் பெண் எங்கே இருந்து இத்தனை நிதானத்தைக் கற்றாள் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

உனக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்திலும் அதே மாதிரி பார். மூடி பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதே, நாளைக்கு எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்று பார். பின்பக்கம் கழட்டிப் பார்க்க முடியாது, அதுதான் அதில் இருக்கிற கஷ்டம். நான் கூட உன் நைனாவைச் சட்டையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். அதிர்ஷ்டம், உள்ளேயும் நல்லவராக இருந்தார்.

அப்புறம் ஆறு மாதம் அந்த மிஷின் பாடாய்ப் படுத்தியது. காலையில் அதை ஆன் பண்ணிவிட்டு நான் டீ போட்டு, வடிகட்டி, நாம் மூன்று பேரும் குடித்து முடித்தால்தான் அது கண்ணைத் திறக்கும். நைனா அதற்கு "பெரியவர்" என்றே பெயர் வைத்துவிட்டார். நீ தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, அந்தக் காசில் இரண்டு சாமான் வரவழைத்தாய். ஒன்று தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு தகடு, அதுதான் புது டிஸ்க் என்றாய். இன்னொன்று மெமரி, அந்தக் காலி இடத்துக்கு. கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம், நீ கையை வைக்காதே என்று நைனா உன் பின்னாலேயே நடந்தார். நீ கேட்கவில்லை. சப்பாத்திப் பலகையைத் துடைத்துப் போட்டு, அதன் மேல் மிஷினைக் கவிழ்த்தாய். ஒரு பேப்பரில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அப்படியே வரைந்து, கழட்டின ஒவ்வொரு திருகாணியையும் அது எங்கே இருந்ததோ அந்தப் புள்ளியில் டேப் போட்டு ஒட்டினாய். நடுநடுவே எழுந்து போய் பீரோவைத் தொட்டுவிட்டு வந்தாய். பீரோவுக்குள் பைபிள் இருக்கிறது, அதைத் தொட்டு ஜெபம் பண்ணுகிறாயாக்கும் என்று நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். உடம்பில் இருக்கிற கரண்ட் இரும்பில் இறங்கட்டும் என்று தொடுகிறேன் என்று நீ சொன்னதும் நைனா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் யூனிட்டில் இருபது வருஷம் லேத் ஓட்டின ஆட்கள் இருக்கிறார்கள், கழட்டின போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்புறம் எது எங்கே என்று தேடுவார்கள். நீ ஒன்றைக்கூடத் தேடவில்லை. மூடியைப் போட்டு முறுக்கும்போதும், ஒன்றை முழுசாக முறுக்காமல் எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாய். நல்ல ஃபிட்டர்கள்தான் அப்படிச் செய்வார்கள், உனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். புது டிஸ்க்கில் ஏற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றி முடித்துப் பொத்தானை அழுத்தினாய், நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் திரை வந்து நின்றது. பெரியவருக்கு வயசு திரும்பிவிட்டது என்றார் நைனா. எனக்கு அழுகை வந்தது, பால் பொங்குகிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை இப்போது சொல்கிறேன். நான் பார்த்த வேலைக்காரர்களிலேயே உனக்குத்தான் சுத்தமான கை.

இனி என் அழுக்கைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொரு பழைய கதை. உனக்குப் பத்து வயசிருக்கும், கிறிஸ்துமஸுக்கு வாங்கின என் வெள்ளைப் புடவை ஒரு நாள் ரோஸ் கலராகக் கொடியில் தொங்கியது. யார் செய்தது என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நீ முன்னால் வந்து, நான்தான் சிவப்புத் துண்டோடு சேர்த்து ஊறவைத்தேன் என்றாய். உன் முதுகில் இரண்டு வைத்தேன். ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் நைனா சிரித்துக்கொண்டே சொன்னார், துவைத்தது அவர், துண்டும் அவருடையது என்று. அவரை நான் திட்டுவேனே என்று பயந்து நீ வாங்கிக்கொண்டாயாம். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அது சிரிக்கிற விஷயமே இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் வாய்க்குப் பயந்து நம் வீட்டில் யாரும் தப்பை ஒத்துக்கொள்வதில்லை, எல்லாருடைய தப்பையும் நீ ஒருத்தி எடுத்துக்கொள்கிறாய் என்பது எனக்குப் புரிய ஒரு லேப்டாப் சாக வேண்டியிருந்தது.

ஓசூர் கம்பெனியிலிருந்து வேலைக்காக உனக்குப் பரீட்சை வைத்தது ஒரு திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு ஒரு டிராயிங் அனுப்புவார்கள், இரண்டு மணி நேரத்தில் அதை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்னாய். அந்த வாரம் முழுக்க மிஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஃபேனில் தூசி அடைந்திருக்கிறது, பரீட்சை முடியட்டும், பிரஷ் வைத்துச் சுத்தம் பண்ணிக்கொள்கிறேன், இப்போது கையை வைக்க வேண்டாம் என்று நீ நைனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காதில் விழுந்தும்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் யூனிட்டில் அவசர ஆர்டர், அரை நாள் ஓவர்டைம். நீ சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரப் போயிருந்தாய். லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு, மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தினம் ஆயிரக்கணக்கான ஜாபுக்குக் காற்று அடித்துப் பிசிறை வெளியேற்றுகிறவள் நான். இந்தத் தூசி எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஆன் பண்ணுவாய், சத்தமே இருக்காது, யாரம்மா சரி பண்ணியது என்று கேட்பாய், நான் சும்மா சிரிப்பேன் என்று வழி முழுக்கக் கனவு கண்டுகொண்டு போனேன்.

ஏர் கன்னை அந்த ஜன்னல் மாதிரி இருக்கிற ஓட்டையில் வைத்து அழுத்தினேன். ஃபேன் விர்ரென்று சுற்றியது. தூசி புகையாக வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம், இன்னும் அழுத்தினேன். அப்புறம்தான் என் புறங்கையில் ஈரம் பட்டது. காற்றை அடைத்து வைக்கிற கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீர் தேங்கும், காலையில் முதலில் வருகிறவர்கள் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து அதை இறக்கிவிட வேண்டும். மற்ற நாளில் அதைச் செய்கிறவளே நான்தான். அன்றைக்கு உன் மிஷினை யாரும் பார்க்காத நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வால்வைத் தொடவே இல்லை. தண்ணீரும் எண்ணெயும் மேஜையில் கிடந்த பித்தளைப் பொடியும் எல்லாம் சேர்ந்து உள்ளே போய்விட்டது. முந்தானையால் துடைத்தேன், வெயிலில் வைத்தேன், ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ வருவதற்குள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சாயந்தரம் நீ பொத்தானை அழுத்தினாய். மறுபடி அழுத்தினாய். "இன்னாம்மா இது, ஆன் ஆவ மாட்டேங்குது?" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். "எனுக்கு இன்னா தெரியும்? பழைய மிஷின்தானே, தானா நின்னு போயிருக்கும்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக. நீ பலகையைப் போட்டு மூடியைக் கழட்டினாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேனில் ஏதோ மின்னியது. அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாய். தினம் என் புடவையிலிருந்து நீ தட்டிவிடுகிற அதே பித்தளைப் பொடி. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க்குல ஈரம் படல. காலைல மொத பஸ்ஸுக்குத் திருவள்ளூர் போலாமா?" என்று மட்டும் கேட்டாய். உன் குரலில் ஒரு கோபம், ஒரு பதற்றம் இல்லை.

அந்தச் சின்னத் தகட்டில்தான் உன் டிராயிங் சாஃப்ட்வேர், நீ பழகின படங்கள் எல்லாம் இருந்தன. வேறு கம்ப்யூட்டர் இரவல் வாங்கினால் அதையெல்லாம் ஏற்றவே அரை நாள் ஆகும் என்றாய். ஆனால் கடைக்காரரிடம் அதே மாடல் இன்னும் இருக்கும், அதில் இந்த டிஸ்க்கைச் செருகினால் நம் மிஷின் மாதிரியே வேலை செய்யும் என்று நீ பஸ்ஸில் எனக்கு விளக்கினாய். அன்றைக்கு அவர் சும்மா சொன்ன ஒரு வார்த்தையை நீ இத்தனை நாள் மனசில் வைத்திருந்தாய் பார். நானாக இருந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எதிரில் வந்தவர்களை எல்லாம் திட்டியிருப்பேன். கடை திறக்கப் பத்து மணி ஆனது. அவர் ஷட்டரைத் தூக்கின கையோடு நீ விஷயத்தைச் சொன்னாய். உள்ளே தேடி அதே மாடல் ஒன்றை இரவலாகக் கொடுத்தார். நீ அதைத் திறந்து மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் நம் பழைய மிஷினைப் புரட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கடையில் அதற்குள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

"யாரு இதுக்குக் கம்ப்ரஸர் காத்து அடிச்சது?" என்று கேட்டார்.

நான் உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாந்தாண்ணா. தூசி போவட்டும்னு அடிச்சிட்டேன்" என்றாய்.

அவர் பிடித்துக்கொண்டார். எல்லாம் தெரிந்த பெண், நீயே இப்படிப் பண்ணலாமா, பின்பக்கம் கழட்டிப் பார்த்து வாங்கின ஆளா இது, மிஷின் என்ன லாரி ரேடியேட்டரா என்று, வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஐந்து நிமிஷம் சொன்னார். ஒரு ஆள் சிரித்தான். உன் காது மடல் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் அண்ணா என்று நீ சொன்னாய். நான் தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஜெனிபா. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அப்புறம் பதினோரு மணிக்கு, நீ பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடிக் கவுன்ட்டரில் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்து, போனிலிருந்து இன்டர்நெட் எடுத்துக்கொண்டு படம் போட ஆரம்பித்தாய். உன் தலைக்கு மேலே கையை நீட்டி ஒருவர் சார்ஜர் வாங்கினார், ஒரு குழந்தை உன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அழுதது, வெளியே பஸ் ஹாரன். நீ ஒரு தடவைகூட நிமிரவில்லை. திரையில் ஒரு வால்வின் உடம்பு வந்தது. அது எனக்குத் தெரிந்த பொருள், அதன் ஒவ்வொரு விளிம்பும் என் விரலுக்குத் தெரியும். நான் தினம் கையில் பிடிக்கிறதை நீ ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து கோடு கோடாக எழுப்பினாய். எந்த விளிம்பில் எவ்வளவு மழுக்க வேண்டும் என்று நீ எழுதினதைப் பார்த்தேன், எங்களுக்கு யூனிட்டில் வருகிற பேப்பரில் அது இருக்கும், அதை யாரோ ஒரு பெரிய மனுஷன் எழுதுகிறான் என்று நினைத்திருந்தேன். பத்து நிமிஷம் முந்தி அனுப்பிவிட்டு, தண்ணீர் கேட்டாய். கடைக்காரரே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நாலு பேர் எதிரில் தலைகுனிந்து நின்ற பெண் இவள்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வேலை கிடைத்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று நான் என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். பண்ணிக்கொள்ள முடியவில்லை. நீ பெட்டி அடுக்கத் தொடங்கின நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அங்கே நீ போடுகிற படத்தில் யாராவது ஒருவர் ஒரு அளவைத் தப்பாக மாற்றுவார்கள், ஜாப் கெட்டுப்போகும், மேனேஜர் வந்து யார் என்று கேட்பான். அப்போது அங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் என்னை மாதிரி தெருவைப் பார்ப்பார்கள். நீ நான்தான் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கல்யாணம் ஆகிப் போகிற வீட்டிலும் அப்படித்தான் சொல்வாயோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. உன் பொறுமையைப் பார்த்து நான் ஆச்சரியப்படுகிறேன், பெருமைப்படுகிறேன், அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் மற்றவர்கள் தப்பை உன் தலையில் போட்டுக்கொள்வது பொறுமை இல்லை, கண்ணு. அது என் வாய்க்குப் பயந்து சின்ன வயசில் நீ பழகிக்கொண்டது. அதைப் பழக்கினவள் நான். அதை ஓசூருக்குக் கொண்டுபோகாதே. அவரவர் செய்ததை அவரவர் சொல்லட்டும், நீ செய்ததை மட்டும் நீ சொல். யார் செய்தார்கள் என்று சொல்ல மனசு வரவில்லையா, நான் இல்லை என்றாவது சொல்.

போன வியாழக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேனே, அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நீயும் நைனாவும் கிளம்பின பிறகு பஸ் ஏறித் திருவள்ளூர் போனேன். கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரருக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து படம் போட்ட பெண்ணின் அம்மா என்றதும் தெரிந்துகொண்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அன்னைக்குக் காத்து அடிச்சது அவ இல்லீங்க, நான்தான், எனக்காக அவ திட்டு வாங்கினா என்றேன். அவர் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பெரிய காரியம் பண்ணிவிட்ட மாதிரி.

"பொண்ணாண்ட சொல்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்போ எங்கிட்ட வந்து சொல்லிக்கினு இன்னா ஆவப் போவுது?"

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மதியம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கிழித்துக் கிழித்து எழுதி, இன்றைக்கு முடிக்கிறேன்.

மன்னிச்சுக்கோ என்று எழுதலாம். எழுதினால் நீ உடனே, விடும்மா, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் என்று சொல்லிவிடுவாய். அதுவும் எனக்காக நீ சொல்கிற பொய்யாகத்தான் இருக்கும். அதனால் அதைக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். பிறந்ததிலிருந்து இன்றைக்கு வரை நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆறரை மணிக்கு வருவேன். என் கையில் பை இருக்கும், களைப்பாக இருப்பேன், மூஞ்சி வாடியிருக்கும், அதைப் பார்த்து இரக்கப்படாதே. டீ வேணுமா என்று கேட்காதே. வேணாம்னு சொன்னதை ஏன் தொட்டே, தொட்டுட்டு ஏன் பொய் சொன்னே, அத்தனை பேர் எதிரில் என்னை ஏன் தனியா விட்டே என்று கேள். நைனா இருந்தாலும் கேள், தெருவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. நான் பதிலுக்கு வாயைத் திறக்கமாட்டேன். நீ திட்டி முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்பேன்.

உன் அம்மா